பைபோலார்: மனநிலை அடங்கிய பிறகும் நிற்கும் மறதியை வீட்டில் சமாளிப்பது எப்படி?

"மாத்திரை ஒழுங்காத்தான் போடுறான். ராத்திரி தூங்குறான். சத்தம் போடுறதில்ல. ஆனா கடைக்கு அனுப்பினா மூணு சாமான்ல ஒண்ணை விட்டுட்டு வர்றான். வேணும்னே செய்யிறானா, இல்ல மாத்திரைதான் மந்தமாக்குதா?"

பைபோலார் என்பது மனநிலை அளவு மீறி ஏறுவதும் இறங்குவதுமாக வந்து போகும் மனநோய். அது வந்தவரின் வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. டாக்டரிடம் கேட்பவர்கள் குறைவு. உள்ளே போனால் தூக்கம், கோபம், மாத்திரைச் சீட்டு என்று நேரம் போய்விடும். மறதியைச் சொல்ல வாய் வருவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்குக் கல்லூரி முடித்த வயதில் பைபோலார் வந்தது. இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சான்றிதழ் விண்ணப்பங்களும் ஆன்லைனில் போட்டுக் கொடுக்கிறான். எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த மறதியோடு வெகுகாலமாகக் குடும்பம் நடத்துகிறேன், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எது நழுவுகிறது என்று முதலில் பாருங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அவன் கடையில் நின்று பார்த்தால் போதும். ஒரு அம்மா வருவார். "அண்ணாச்சி, இந்த ஆதார்ல முன்னும் பின்னும் ரெண்டு காப்பி, டி.சி.ல ஒண்ணு, அப்புறம் பிள்ளைக்கு வருமானச் சான்று போடணும், ரேஷன் கார்டு போன்ல இருக்கு, அனுப்பவா?" எல்லாம் ஒரே மூச்சில். ஆதார் வரை சரியாகப் போகும். அதற்குள் இன்னொருவர் எட்டிப் பார்த்து, "கலர் எவ்வளவுங்க?" என்பார். விலை சொல்லித் திரும்புவதற்குள் டி.சி. மறந்துபோயிருக்கும்.

மருத்துவர்கள் சொல்லும் மூன்று விஷயமும் இதில் இருக்கின்றன. காதால் கேட்ட பட்டியலை மனதில் நிறுத்துவது ஒன்று. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போய், விட்ட இடத்துக்கே திரும்புவது, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவது இன்னொன்று. மூன்றாவது, கவனமும் அதன் வேகமும். அதே தம்பி, ஓரம் கிழிந்த பழைய பத்திரத்தைக் கண்ணாடியில் ஒரே தடவையில் நேராக வைத்து, மங்கிப்போன முத்திரைகூடத் தெரிகிற மாதிரி காப்பி எடுத்துவிடுவான். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. உங்கள் வீட்டு ஆளுக்கு எது நழுவுகிறது, எது நிற்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "மறதி" என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899-ல் இந்த நோயைத் தனியாக வகைப்படுத்தினார். ஏற்றமும் இறக்கமும் வந்து போகும், இடையில் ஆள் தெளிந்துவிடுவார் என்பதை அதன் அடையாளமாக வைத்தார். அந்த எண்ணம் ரொம்ப காலம் நின்றது. பிற்பாடு மனநிலை அடங்கியிருக்கும் காலத்திலேயே சோதித்துப் பார்த்தபோதுதான், நிறையப் பேருக்கு மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று பின்தங்கியே இருப்பது தெரியவந்தது. எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு ஒரு குறையும் கிடையாது, சிலருக்கு ஒன்றிரண்டில் மட்டும், சிலருக்குப் பரவலாக.

இதைப் புத்திக் குறைவு என்று எண்ணவேண்டாம். ஸ்வீடனில் 16 வயது மாணவர்களின் மார்க்கை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளிவந்தது. நடுத்தர மார்க் எடுத்தவர்களைவிட மிக நல்ல மார்க் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் பைபோலார் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு இருந்தது. ரொம்பக் குறைந்த மார்க் எடுத்தவர்களுக்கும் ஓரளவு கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் தம்பி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். "அப்படிப் படிச்ச பையன் இப்படி ஆயிட்டானே" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசும் சொந்தக்காரர்களுக்கு இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

இன்னொரு பயம், இது டிமென்ஷியா மாதிரி வளர்ந்துகொண்டே போகுமா என்பது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி வருஷா வருஷம் சரிவதில்லை. ஆனால் மேனியா, அதாவது மனநிலை கட்டுக்கடங்காமல் ஏறும் கட்டம், திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் குறை அதிகமாகக் காணப்படுகிறது. நினைவாற்றலுக்காகத் தனி டானிக் தேடுவதைவிட, அடுத்த ஏற்றம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய காரியம்.

வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்

எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சரி செய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு.

லேசான சோர்வு உள்ளே மிச்சம் இருந்தால் கவனம் நிற்காது. அழமாட்டார், படுத்தே கிடக்கமாட்டார். ஆனால் எதிலும் பிடிப்பு இருக்காது. தூக்கம் துண்டு துண்டாக இருந்தாலும் அப்படித்தான். குடி இருந்தால் மற்றதைப் பேசுவதே வீண். சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

லித்தியம் என்பது மனநிலையை நிலையாக வைக்கக் கொடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது சகஜம். தூக்கம் தூக்கமாக வரும், உடம்பு போடும், பேச்சும் யோசனையும் மெதுவாகும். பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகவே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கிரியேட்டினின் (கிட்னிக்கு), லித்தியம் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். லித்தியம் அளவுக்கு ரத்தம் கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். ராத்திரி எட்டுக்குப் போட்டால் காலை எட்டுக்கு ரத்தம். காலை மாத்திரையும் உண்டென்றால் அதைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். வழியிலேயே போட்டுவிட்டால் அளவு ஏறித்தான் காட்டும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லி ஈக்குவலன்ட் வரை வைத்திருப்பார்கள், சிலருக்கு 1.0 வரை போவார்கள். அதற்கு மேலே போனால் மறதியோடு கை நடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்துகொள்ளலாம்.

அந்த அளவை ஏற்றிவிடும் சமாச்சாரங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பிரஷருக்காகத் திடீரென்று உப்பை நிறுத்துவது. பல்வலி, மூட்டுவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில வகைகளும் உண்டு. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், மெடிக்கலில் போய் நின்றாலும், முதல் வார்த்தை "லித்தியம் சாப்பிடுறாரு" என்பதாக இருக்கட்டும்.

மற்ற மாத்திரைகளில் இரண்டைக் குறிப்பாகக் கேளுங்கள். கை நடுக்கத்துக்கும் உடம்பு விறைப்புக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் கொடுப்பார்கள். அது நினைவைத் தொடும் மருந்து. நடுக்கம் போன பிறகும், பழைய சீட்டைப் பார்த்தே எழுதுவதால் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதே மாதிரி க்ளோனஸபாம், லோரஸபாம் வகைத் தூக்க மாத்திரைகள். "இது இன்னும் வேணுமா சார்?" என்று கேட்பதில் தப்பில்லை. டோபிராமேட் சாப்பிடுபவர்களுக்குப் பேச்சு நடுவில் வார்த்தை சிக்காமல் நிற்கும். மின் சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சமயத்து நினைவுகளில் ஓட்டை இருக்கலாம். புதிதாக நினைவில் வைக்கும் சிரமம் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

கேட்கத்தான் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா திரும்பிவரும் ஆபத்து பெரிது. தூக்க மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொன்ன கணக்கில்.

டாக்டரிடம் "மறதி ஜாஸ்தி சார்" என்று சொன்னால் அவரும் "சரி, பார்ப்போம்" என்பார். ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்: "காலை மாத்திரை போட்டோமா என்றே தெரியாமல் இன்னொன்று போடப் போனார்." "இரண்டு பேர் கேட்டதை மாற்றிக் கொடுத்தார்." "அடுப்பில் பால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்." பக்கத்திலேயே அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று ஒரு வரி. இந்தத் தாளைப் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், உள்ளே போனதும் நீட்டுங்கள்.

சோதனை கேட்டு வாங்குங்கள்

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் உளவியலாளர் இருந்தால் நினைவு, கவனச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வார்த்தைப் பட்டியல் ஒன்றை வாசித்துவிட்டு, உடனேயும் அரை மணி கழித்தும் கேட்பார்கள். தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. மனநிலை அடங்கிச் சில மாதம் ஆன பிறகு போங்கள். ஏற்றத்திலோ இறக்கத்திலோ எடுத்தால் அந்த நேரத்து நிலைதான் தெரியும். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். கண்ணாடியை மறக்காதீர்கள். தமிழிலேயே நடத்தச் சொல்லுங்கள்.

வீட்டையும் கடையையும் மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த ஏற்பாடு செய்தாலும் அவருக்கென்று தனியாகச் செய்யாதீர்கள், வீட்டுக்கே செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் வாரத்து மாத்திரை டப்பா ஒன்றல்ல. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கும் அதே மாதிரி டப்பா, அதே அலமாரித் தட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் சேர்த்தே நிரப்புவோம். அம்மா டப்பாவைத் தம்பி சரிபார்ப்பான், அவன் டப்பாவை அம்மா. "மாத்திரை போட்டியா?" என்ற கேள்வியே கிடையாது. செவ்வாய்க் கட்டம் காலியா, இல்லையா, அவ்வளவுதான். அடுக்களைக் கதவோரம் ஒரு வெள்ளைப் பலகை. கேஸ் புக் பண்ண வேண்டும், ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது, எல்லாம் அதில். எழுதியவர் பெயர் இருக்காது, செய்பவர் பெயர் கட்டாயம் இருக்கும். பெயர் இல்லாத வேலையை மற்றவர் செய்திருப்பார் என்று எல்லாரும் இருந்துவிட்டால் ஈ.பி.காரர் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

கடையில் செய்த ஏற்பாடு இன்னும் எளிது. ஒரு பக்கம் வீணான ஏ4 தாள்களை நாலாக வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, கவுன்டரில் வைத்தோம். பேனாவைச் சணலில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. வருகிறவர்களே எழுதுவார்கள்: பெயர், எந்தத் தாள், எத்தனை காப்பி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா. எழுத முடியாதவர்களுக்கு அவனே கேட்டு எழுதுவான். அந்தச் சீட்டை அவர்கள் கொடுத்த தாள்களோடு கிளிப் போட்டு வரிசையாக வைப்பான். மேலே இருப்பதை முடித்துப் பணம் வாங்கிய பிறகுதான் அடுத்த கிளிப்பைத் திறப்பான். விலைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் கண்ணாடியில் ஒட்டினோம். "கலர் எவ்வளவு?" என்று கேட்டால் விரலை நீட்டினால் போதும், தலையைத் திருப்ப வேண்டியதில்லை. இதெல்லாம் நோயாளிக்கான ஏற்பாடு என்று யாருக்கும் தோன்றாது. கூட்டம் வரும் கடையில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன் அலாரத்தில் "பில்" என்று மட்டும் போட்டால் அலாரம் அடிக்கும், அணைப்போம், மறப்போம். "கரன்ட் பில், இப்பவே ஜிபே" என்று போடுங்கள். அந்த வேலையைச் செய்யக்கூடிய நேரத்திலும் இடத்திலும் அது அடிக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடித்து என்ன பயன்?

பேச்சையும் மாற்ற வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. அது முடிந்ததும் அடுத்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "ம்" என்பார்கள். "எப்படிப் பண்ணப் போற?" என்று கேட்டால் அவரே ஒருமுறை சொல்லிப் பார்ப்பார், சொன்னது நிற்கும். "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியை எங்கள் வீட்டில் ஒழித்துவிட்டோம். அதற்குப் பதில் தகவலையே கொடுத்துவிடுவது: "கேஸ் புக் பண்ணணும், நம்பர் பலகைல இருக்கு." சோதிக்கிற தொனி இல்லாமல் போனதும் பாதிச் சண்டை குறைந்தது. மேனியா சமயத்தில் பேசியதையும் செய்ததையும் நினைவில்லை என்று சொன்னால் நடிக்கிறார் என்று பாயாதீர்கள். உண்மையிலேயே நினைவு தெளிவாக இல்லாமல் இருக்கலாம்.

பெரிய செலவு எதுவானாலும் பலகையில் எழுதி, இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு முடிவு. நான் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் அதே விதிதான்.

அப்புறம், நம்மைப் பற்றி

கூடப் பிறந்தவர்களையும் பெற்றவர்களையும் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. பைபோலார் இல்லாத இந்தச் சொந்தங்களிடமும், கேட்ட வார்த்தைகளை நினைவில் வைப்பதிலும் வேலை மாறி வேலை பார்ப்பதிலும், சராசரியாக எடுத்துக்கொண்டால் சிறிய பின்னடைவு தெரிகிறது. நோயாளியிடம் இருப்பதைவிடக் குறைவுதான், பலருக்கு அதுவும் இல்லை. ஆனால் இவர்களுக்கு மேனியா வந்ததில்லை, லித்தியம் சாப்பிட்டதில்லை. அப்படியென்றால் மாத்திரைதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது; பரம்பரையாக வரும் ஒரு தன்மையும் இதில் இருக்கிறது. பெஞ்சில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான்.

என் பங்கு என்று சொன்னேனே, இதுதான். ஆபீஸில் போனில் பார்ட்டி பெயர், லாரி நம்பர், பண்டல் கணக்கு மூன்றையும் சேர்த்துச் சொன்னால், மூன்றாவது வரும்போது முதலாவது போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் போனை எடுக்கும் முன் பேனாவை எடுத்துவிடுவேன். அப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவருக்கு எந்த நோயும் கிடையாது. பலகை எனக்கும் தேவை என்று தெரிந்தபோதுதான் தம்பி அதில் தயங்காமல் எழுத ஆரம்பித்தான்.

இதை வைத்துப் பயந்துவிடாதீர்கள். பொதுவாக நூற்றுக்கு ஒருவர் என்றால், பெற்றவர், கூடப்பிறந்தவர், பிள்ளை என்ற நெருங்கிய உறவில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு பைபோலார் வரலாம். மிச்சம் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பேருக்கு வருவதில்லை. தங்கை மகள் நோட்டை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனதற்காக அவளை உட்கார வைத்து ஆன்லைன் டெஸ்ட் எழுதச் சொல்லாதீர்கள். இளவயதுப் பிள்ளைகளிடம் பார்க்க வேண்டியது வேறு: தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல் நாள்கணக்கில் பறப்பது, அல்லது வாரக்கணக்கில் சுருண்டு கிடப்பது. அப்படி இருந்தால் மட்டும் டாக்டர். வரன் பேச வந்த இடத்தில் உங்கள் மறதியையும் பைபோலாரையும் யாராவது முடிச்சுப் போட்டால், மறதி என்பது நோய் அல்ல என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் கணக்கில் வரும். ராத்திரி முழுக்க விழித்திருந்து காவல் காத்த அக்காவுக்கோ மனைவிக்கோ மறுநாள் கவனம் நிற்காது. அதற்குப் பரம்பரையை இழுக்க வேண்டாம், தூங்கினால் போதும்.

மருந்து, பயிற்சி, சான்றிதழ்

இந்த மறதிக்கென்று அங்கீகரித்த மாத்திரை இன்னும் வரவில்லை. பயிற்சி உண்டு. பார்சிலோனாவில் ஒரு குழு, வாரம் ஒன்றாக 21 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நடத்தி 2013-ல் முடிவை வெளியிட்டது. நினைவுச் சோதனை மார்க் பெரிதாக ஏறவில்லை. ஆனால் வேலை, பணம், வீட்டுப் பொறுப்பு என்று அன்றாடம் சமாளிப்பது நன்றாகவே முன்னேறியது. பட்டியல் போடுவது, நேரம் வகுப்பது, குறிப்பு வைப்பது போன்ற பழக்கங்களைத்தான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் உளவியலாளரிடம் இந்த மாதிரிப் பயிற்சி கிடைக்குமா என்று கேளுங்கள். மூளை விளையாட்டு ஆப் விளையாடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும், கடைச் சீட்டு நன்றாக வராது. காசு கட்டி வாங்காதீர்கள். காலையில் நடக்கப் போவதும், ஒரே நேரத்தில் படுத்து எழுவதும் இலவசம்.

வேலை பார்க்க முடியாத அளவுக்குச் சிரமம் இருந்தால், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து அரசு மருத்துவக் குழு பார்க்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் சலுகைகள் பல கிடைக்கும். சமாளித்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த அளவு வராமலும் போகலாம்.

கடைசியாக, இதுவரை சொன்னதெல்லாம் மெதுவாக, மாதக்கணக்கில் இருக்கும் மறதிக்குத்தான். நேற்று வரை சரியாக இருந்தவர் இன்றைக்கு ஆள் தெரியாமல் குழம்பினால், நாக்கு குழறினால், கால் தள்ளாடினால், பெரிதாக நடுங்கினால், விடாமல் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், பலகையும் வேண்டாம், தாளும் வேண்டாம். அது லித்தியம் ஏறியதாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டிக்கு 108. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு அரசின் மனநல உதவி எண் 14416; இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.